மறு: “முதல் சிறுநீர்” என்று எழுதலாமா?

வணக்கம்.

பால்வினை நோய்ச் சோதனைக்கு நோயாளி பிடித்துத் தரும் சிறுநீர் மாதிரியைத் துண்டறிக்கையில் “முதல் சிறுநீர்” என்றே போட்டுவிடலாம் என்று நம் மருத்துவச் சொற்பட்டியல் குழுவில் பலர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கோலாலம்பூரில் லேப்பில் வேலை செய்கிறவள் நான். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு மக்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம்மவர்களுக்கு முதல் சிறுநீர் என்றால் காலையில் எழுந்ததும் போகிற சிறுநீர். அப்படி நினைப்பது அவர்கள் குற்றமில்லை. கர்ப்பப் பரிசோதனைக்கு நாம்தானே அப்படிச் சொல்லிக்கொடுத்தோம்? இரவு முழுக்கத் தேங்கிய நீரில் ஹார்மோன் அடர்த்தியாக இருக்கும் என்பது அதற்குக் காரணம். ஆக, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் வேரூன்றிவிட்டது. அதையே இங்கேயும் போட்டால், விடிகாலையில் பிடித்த சிறுநீர் மூடி வரை தளும்பும் போத்தலோடு ஒருவர் செந்தூலிலிருந்து எல்.ஆர்.டி. ரயில் ஏறி வருவார். போத்தலின் மேல் “முதல் சிறுநீர், காலை 6 மணி” என்று பேனாவால் அழகாக எழுதியிருப்பார். சொன்னதை அப்படியே செய்திருக்கிறார் பாவம், சொன்னதுதான் சரியில்லை.

இந்தச் சோதனையில் நாம் தேடும் பால்வினைக் கிருமிகளான கிளமிடியாவும் வெட்டை நோய்க் (கொனோரியா) கிருமியும் தங்குவது சிறுநீர்ப் புறவழியின் உட்சுவரில். கிளமிடியா அங்குள்ள செல்களுக்கு உள்ளேயே குடியிருக்கும். சிறுநீர் பாயத் தொடங்கும்போது வருகிற முதல் 20, 30 மில்லிதான் அந்தச் செல்களை அலசிக்கொண்டு வெளியே வரும். காலையோ மாலையோ, எந்த நேரமானாலும் சரி. அதற்கு முன் ஒரு மணி நேரமாவது போகாமல் இருந்திருக்க வேண்டும். போத்தலை நிரப்ப நிரப்பக் கிருமி நீர்த்துப்போகும். உள்ளே நோய் இருந்தும் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) “இல்லை” என்று சொல்லிவிடலாம். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், மனைவிக்கும் தொற்றும்.

சிறுநீர்த் தொற்றுக்கு இதற்கு நேர்மாறு. அங்கே முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒரே போத்தல், ஒரே கழிவறை, இரண்டு எதிரெதிரான வேலை. அதனால் இரண்டு சொல்லும் ஜோடியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்: முன்தாரை நீர், நடுத்தாரை நீர். “தாரை” வந்தாலே நேரத்தைப் பற்றிய பேச்சு போய், பாய்ச்சலின் எந்தப் பகுதி என்ற பேச்சு வந்துவிடும்.

> தாரை வார்ப்பது கல்யாணச் சடங்கு. அதைக் கொண்டுபோய்ச் சிறுநீரோடு சேர்க்கலாமா?

ஐயா, உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாரை என்பது விடாமல் ஒழுகும் நீருக்குப் பொதுப்பெயர். கண்ணீரும் தாரை தாரையாகத்தானே வருகிறது?

> இலக்கணப்படி ‘முன்றாரை’ என்றுதான் வர வேண்டும்.

புணர்ச்சி விதி நீங்கள் சொல்வதுதான். இருந்தாலும் முன்தினம் என்று பிரித்தே எழுதிப் பழகிவிட்டோம். முன்றாரை என்று அச்சடித்தால் படிக்கிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். இது நோயாளி கையில் போகிற தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் முக்கியம். கிளினிக் கவுண்டரில் மிஸ்ஸி (தாதி) இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருவர் சொந்தக்காரராகவும் இருக்கலாம். “வெட்டைக்கா?” என்று கேட்டால் அந்தப் பையன் அப்படியே திரும்பிப் போய்விடுவான். “முன்தாரை பிடிச்சிட்டு வாங்க தம்பி” என்றால் எந்த நோய் என்று யாருக்கும் தெரியாது. வெட்கத்தில் இருப்பவர் மறுபடி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள மாட்டார். அதனால் ஒரு தடவை கேட்டதுமே கை சரியாகச் செய்கிற மாதிரி சொல் அமைய வேண்டும்.

பெண்களுக்குச் சிறுநீரைவிட பஞ்சுக்குச்சியால் எடுக்கும் யோனித் துடைப்பு மாதிரியே மேல். அவர்களே எடுத்துக்கொள்ளவும் முடியும், யாரும் தொட வேண்டியதில்லை. இதைத் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் போடுங்கள். அப்புறம், தொண்டையிலோ ஆசனவாயிலோ உள்ள தொற்று சிறுநீரில் தெரியாது. அங்கிருந்தே மாதிரி எடுக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

பிசிஆர் வந்த பிறகு “வளர்ப்புச் சோதனை” என்ற சொல்லை நம் சொற்பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. கிருமி இருக்கிறதா என்று பிசிஆர் சொல்லும். எந்த மருந்துக்கு அது சாகும் என்று முழுதாக அறிய, கிருமியை உயிரோடு வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெட்டை நோய்க் கிருமி ஒவ்வொரு மருந்தாகத் தாண்டிக்கொண்டு வருகிற இந்தக் காலத்தில் அந்தச் சொல் நமக்குக் கட்டாயம் வேண்டும்.

பட்டியலின் வயிற்றுப்போக்குப் பகுதியில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. “மல மாதிரி” போதும். சளியோ இரத்தமோ கலந்த பகுதியைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். சீதபேதிக் கிருமி கிடைக்க அதுதான் நல்ல இடம். ஆனால் மாதிரியை லேப்புக்கு அனுப்பும் குழாயில் உள்ள கூழுக்கு (transport medium) “போக்குவரத்து ஊடகம்” என்ற பெயர் மட்டும் வேண்டாம். படித்தால் வானொலியில் சாலை நெரிசல் செய்தி வாசிப்பது போலிருக்கிறது. அந்தக் கூழ், சீதபேதி தரும் ஷிகெல்லா போன்ற சீக்கிரம் செத்துப்போகிற கிருமிகளைப் பெருகவும் விடாமல் சாகவும் விடாமல் லேப் வரை காத்து வைக்கிறது. “காப்புக்கூழ்” என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

துண்டறிக்கைக்கு என் வரிகள் இவை:

“முன்தாரை நீர்: கடைசியாகச் சிறுநீர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டிக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம். சிறுநீர் வரத் தொடங்கும்போதே போத்தலைப் பிடியுங்கள். கோடு வரை வந்ததும் எடுத்துவிடுங்கள். மீதியைக் கழிவறையில் விடுங்கள்.”

போத்தலில் 30 மில்லி அளவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுக்கும் வேலை கிளினிக்குடையது. அதைத் தனிக் குறிப்பாக அனுப்புகிறேன். பினாங்கில் இருப்பவர்கள் இந்த வரிகளைப் பட்டர்வொர்த் பக்கம் மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத நாலு பேரிடம் படிக்கக் கொடுத்து, “என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். அவர்கள் சொல்லும் பதிலை வார்த்தை மாற்றாமல் இங்கே எழுதுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.