பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு விலை

வேலந்தாவளம் கடைக்காரர்:
தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து ஊர் எங்களுடையது. என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைத் திறக்காமல் சிறு துளை வழியே, லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்துவிடலாம், இரண்டு நாள் தங்கினால் போதும் என்றார் கோவையில் பார்த்த டாக்டர். கீழே கவுண்டரில் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் முதலில் கேட்ட கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கிறதா? எத்தனை லட்சத்துக்கு?" ஐந்து லட்சம் என்றேன். 1,18,000 என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் என் மைத்துனர் அதே கவுண்டருக்குப் போய், காப்பீடு கிடையாது, ரொக்கமாகக் கட்டிவிடுகிறோம் என்றார். அதே டாக்டர், அதே அறுவை, அதே இரட்டைப் படுக்கை அறை. அவருக்கு எழுதிக் கொடுத்தது 72,000.

இரண்டு தாளும் என் கையில் இருக்கின்றன. ஒன்பது வருடமாக ஒரு தவணை தவறாமல் பிரீமியம் கட்டிவருகிறேன். அதற்காக 46,000 ரூபாய் கூடுதலா? நான் மளிகைக்கடை வைத்திருப்பவன். துவரம்பருப்புக்கு ஆளைப் பார்த்து விலை சொன்னால் வாளையார்வரை என் பெயர் கெட்டுவிடும். இது எந்த வகையில் நியாயம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்பீட்டுப் பிரிவு ஊழியர்:
அண்ணா, நான் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 11 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் போனது எந்த மருத்துவமனை என்று தெரியாது, கேட்கவும் மாட்டேன். எங்கள் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன்.

உங்கள் கடையில் ரொக்கத்துக்கு வாங்குகிறவரும், நோட்டில் எழுதிவைத்து மூன்று மாதம் கழித்துக் கொடுக்கிறவரும் ஒன்றா? ரொக்க நோயாளி முன்பணம் கட்டுகிறார், வீட்டுக்குப் போகும்போது மீதியைக் கட்டுகிறார், கணக்கு முடிந்தது. காப்பீட்டு நோயாளி என்றால் நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்க வேண்டும். அவர்கள் ஒரு கேள்வி அனுப்புவார்கள், டாக்டரைத் தேடிப் பிடித்துப் பதில் வாங்க வேண்டும், ஸ்கேன் படத்தை மறுபடி அனுப்ப வேண்டும். நோயாளி வீடு திரும்பிய பிறகு முழுக் கோப்பும் போகும். பணம் வர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். வரும்போது "இது சேராது, அது சேராது" என்று பிடித்துக்கொண்டுதான் வரும். இதற்காகவே எங்கள் பிரிவில் ஆறு பேர் இருக்கிறோம்.

இன்னொன்று. 1,18,000 என்பது மதிப்பீடு, பில் இல்லை. குறைத்து எழுதி, நடுவில் செலவு கூடினால், மறுபடி அனுமதி கேட்டு நோயாளிதான் டிஸ்சார்ஜ் அன்று ராத்திரிவரை காத்திருப்பார். அதனால் மேல்வரம்பை எழுதுகிறோம். உங்கள் மைத்துனர், 72,000-க்குள் மருந்தும் பயாப்ஸியும் சேருமா என்று கேட்டாரா?

எருத்தேம்பதி டீச்சர்:
தம்பி, உங்கள் வேலை கஷ்டமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 72,000 ரூபாய்க்கு மூன்று மாதத் தாமதம், அதற்கு 46,000. நூற்றுக்கு 64 ரூபாய் கூடுதல், அதுவும் மூன்றே மாதத்துக்கு. எந்த வங்கியில் இந்த வட்டி?

"காப்பீட்டுக்காரன்தானே கொடுக்கிறான், உங்களுக்கு என்ன?" என்று கவுண்டர்களில் சொல்வார்கள். எனக்கே சொல்லியிருக்கிறார்கள். அந்த 46,000 குடும்பம் முழுவதற்குமான ஐந்து லட்சத்திலிருந்து கழிகிறது. அதே வருடம் பிள்ளைக்கு டெங்கு வந்தால் அந்தப் பணம் அங்கே இருக்காது. பிறகு எல்லோருடைய இழப்பீடும் ஏறிவிட்டது என்று அடுத்த வருடம் பிரீமியத்தையும் ஏற்றுகிறார்கள். தனிநபர் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பில் இப்படி ஊதிக்கொண்டே போனால் அந்தச் சலுகை எத்தனை வருடம் நிற்கும்?

நம் கேரளத்தில் 2018-ல் வந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டம், கட்டண விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கச் சொல்கிறது. மருத்துவமனைகள் நீதிமன்றம் போய்ப் பார்த்தன. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எழுதி வைப்பதில் என்ன தடை?

சித்தூர் மருத்துவர்:
பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் 20 படுக்கை உள்ள சிறிய மருத்துவமனை நடத்துகிறேன். டீச்சர் கேட்டதால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

முதலில், காப்பீடு உள்ளவருக்கே எங்கும் அதிக விலை என்பது சரியில்லை. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டு, அறுவைக்கு இவ்வளவு என்று மொத்த விலை பேசிவைத்திருக்கின்றன. பெரிய மருத்துவமனைகளில் அந்த விலை பொதுக் கட்டணத்துக்குக் கீழே இருக்கும். அரசின் இலவசக் காப்பீட்டுத் திட்டத்தின் விலை அதற்கும் கீழே. திட்டத்தில் ஒரு நோயாளியைப் பார்த்தால் பல நேரம் செவிலியர் சம்பளமும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும்கூடத் தேறுவதில்லை, அந்தப் பணமும் மாதக்கணக்கில் நிலுவை. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? நோயாளியைத் திருப்பி அனுப்பவா?

எழுதி வைப்பது பற்றி: பித்தப்பைக் கல் என்று உள்ளே போவோம். சீழ் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். துளை வழியே முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டிவரும். ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகும். பலகையில் எந்த எண்ணை எழுதுவது? நீதிமன்றத்தில் மருத்துவர்கள் கேட்டதும் இதைத்தான்.

மூலத்தறை விவசாயி:
எல்லோரும் ரொக்கக்காரர் என்றால் பணம் உள்ளவர் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். நான் ரொக்கம் கட்டியவன். என் கையில் பணம் இருந்ததில்லை.

2023-ல் அப்பாவுக்கு விடிகாலையில் நெஞ்சுவலி. எங்களுக்குத் திருச்சூர் மருத்துவக் கல்லூரி தூரம், கோவை பக்கம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரை எங்கே கொண்டுபோவோம்? எல்லையைத் தாண்டினோம். கேரள அரசுக் காப்பீட்டுத் திட்டமான காருண்யாவின் அட்டையைக் காட்டினேன், இங்கே எடுப்பதில்லை என்றார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அந்த மாநிலத்துக் குடும்ப அட்டை வேண்டும். வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் படிப்பது தமிழ், அட்டை மட்டும் மலையாளத்தில். இரண்டு திட்டத்துக்கும் நடுவில் வராந்தாவில் நின்றேன்.

இதயக் குழாய் அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்தார், அந்த டாக்டரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பில் 2,36,000. அம்மாவின் சங்கிலியும் என் மனைவியின் வளையலும் கூட்டுறவு வங்கிக்குப் போயின. சொன்ன தொகையை அப்படியே கட்டினேன். பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் ஒரு ஒப்பந்தக்காரரின் தந்தை. அவர் மகன் மேலாளர் அறைக்குப் போய் உட்கார்ந்து பேசி 40,000 குறைத்துக்கொண்டு வந்தார். எட்டு மாதம் கழித்து அவரைச் சந்தையில் பார்த்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. கேட்டால் குறைப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கும்போது விலை பேச எனக்கு நாவும் எழவில்லை.

கடைக்காரர் அண்ணா, உங்களுக்கு இரண்டு தாள் கிடைத்தது. எனக்கு ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. காப்பீட்டுக்காரருக்காக நிறுவனம் பேசுகிறது. திட்டத்துக்காரருக்காக அரசு பேசுகிறது. எனக்காகப் பேச யார் இருந்தார்கள்?

அந்த பில்லில் ஒரே ஒரு வரியில்தான் யாரும் கைவைக்க முடியவில்லை. ஸ்டென்ட். அட்டைப்பெட்டியில் விலை அச்சிட்டிருந்தது, பில்லிலும் அதேதான். 2017 பிப்ரவரியில் அரசு உச்சவரம்பு போட்டதால் வந்தது அது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு முதலில் 29,600 ரூபாய் வைத்தார்கள், பிறகு அவ்வப்போது திருத்துகிறார்கள். டாக்டர் சார், அன்று எழுதிவைக்க முடிந்ததே?

சித்தூர் மருத்துவர்:
உங்கள் கேள்விக்கு நான் மழுப்ப விரும்பவில்லை. அவசரத்தில் வந்தவரிடம் பேரம் பேசத் தெரியவில்லை என்பதற்காக முழுத்தொகை வாங்கியது தவறு. என் மருத்துவமனையில் அது நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஸ்டென்ட் பொருள். அதைப் போடுவது உழைப்பு. பொருளுக்கு வரம்பு வந்தபோது அறுவை அரங்கக் கட்டணமும் நிபுணர் கட்டணமும் பல இடங்களில் ஏறின. ஒரு இடத்தில் அழுத்தினால் இன்னொரு இடத்தில் புடைக்கும். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கட்டணத்தை வரையறுங்கள், இல்லாவிட்டால் மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தின் விலையையே தற்காலிகமாக எல்லோருக்கும் வைத்துவிடுவோம் என்று மத்திய அரசை எச்சரித்தது. அன்று அந்த விலைகளில் பெரும்பாலானவை பத்து வருடம் பழையவை. 2025 அக்டோபரில்தான் முழுமையாகத் திருத்தினார்கள். அதையே கட்டாயமாக்கியிருந்தால் என்னைப் போன்றவர்கள் மூடியிருப்போம், ஐந்நூறு படுக்கை மருத்துவமனைகள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

எருத்தேம்பதி டீச்சர்:
அதே வழக்கில் மனுதாரர்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்கள் டாக்டர். கண்புரை அறுவைக்கு அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கு 10,000 ரூபாய்வரை, தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை. உழைப்பின் விலை இத்தனை மடங்கு விரியுமா?

நான் ஒரே விலை வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் விலையை நீங்களே வையுங்கள். சிக்கல் இல்லாத அறுவைக்கு இவ்வளவு, திறக்க வேண்டிவந்தால் இவ்வளவு என்று இரண்டு வரி எழுத முடியாதா? சட்டம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வைக்கச் சொல்கிறது. எங்கள் பஞ்சாயத்தில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் படிக்க வரும். நீங்கள் மூன்றாவதாகத் தமிழிலும் எழுதினால் தாலுகாவே உங்களை வாழ்த்தும்.

டெக்சஸ் செவிலியர்:
சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. இங்கே அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் மருத்துவமனைகள் விலையை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தோடும் பேசிய விலை, ரொக்கம் கட்டுகிறவருக்கான விலை, எல்லாம். வெளியிட்ட பிறகுதான், பல இடங்களில் காப்பீட்டு விலையைவிட ரொக்க விலை குறைவு என்பது வெளியே தெரிந்தது. காப்பீடு உள்ளவர்களே அட்டையைக் காட்டாமல் ரொக்கம் கட்டுவதையும் பார்க்கிறேன். அதில் ஒரு சிக்கல், காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் வருடந்தோறும் முதலில் அவர்கள் கைக்காசாகச் செலவழிக்க வேண்டிய தொகை ஒன்று உண்டு, அப்படிக் கட்டினால் அதில் இது பெரும்பாலும் சேராது.

விலைகள் உடனே இறங்கிவிடவில்லை. ஆனால் நோயாளி கேள்வி கேட்கும்போது கையில் ஒரு தாள் இருக்கிறது.

வேலந்தாவளம் கடைக்காரர்:
சகோதரி சொன்னதைப் படித்ததும் ஒரு யோசனை. 72,000-ஐ நானே ரொக்கமாகக் கட்டிவிட்டு, பில்லை நிறுவனத்துக்கு அனுப்பித் திரும்பப் பெறலாமே? எனக்கும் நட்டமில்லை, அவர்களுக்கும் 46,000 மிச்சம்.

காப்பீட்டுப் பிரிவு ஊழியர்:
சட்டப்படி முடியும் அண்ணா. ஆனால் இழப்பீட்டுப் படிவத்தின் இரண்டாம் பகுதியை மருத்துவமனைதான் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கேட்ட உடனே நீங்கள் காப்பீட்டுக்காரர் என்று தெரிந்துவிடும். சில இடங்களில் அங்கேயே தள்ளுபடியை எடுத்துவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கும் பிடித்ததில்லை.

டீச்சர் கேட்ட 64 சதவீதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. தாமதத்துக்கும் ஆள் செலவுக்கும் கொஞ்சம் கூடுதல் நியாயம், இவ்வளவு நியாயமில்லை. 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், முன் அனுமதி ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் என்று கெடு வைத்தது. அது நோயாளி காத்திருக்கும் நேரத்துக்கான கெடு. எங்களுக்குப் பணம் வருவது தனிக் கதை.

உங்களுக்கு உதவும் ஒன்றைச் சொல்கிறேன். பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா பாருங்கள். நாள் ஒன்றுக்கு 3,000 வரம்பு இருக்க, 5,000 ரூபாய் அறையில் படுத்தால், 2,000 மட்டும் கைக்காசு என்று நினைக்காதீர்கள். 5,000-க்கு 3,000 என்ற அதே விகிதத்தில், டாக்டர் கட்டணம், அரங்கக் கட்டணம் எல்லாவற்றிலும் 60 சதவீதம்தான் தருவார்கள். மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் கருவி ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது. அப்படி வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்கள். சேர்வதற்கு முன்பே மதிப்பீட்டை வரிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் நிறுவனத்தோடு பேசிய மொத்த விலை இந்த அறுவைக்கு உண்டா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பவர் நூற்றில் இரண்டு பேர்தான்.

வேலந்தாவளம் கடைக்காரர்:
பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். அறுவை நல்லபடியாக முடிந்தது, வீட்டில் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறாள். தம்பி சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டேன். மொத்த விலை எதுவும் பேசவில்லை என்றார்கள். ஆனால் பிரித்துக் கொடுக்கச் சொன்னதும் 1,18,000 என்பது 97,000 ஆனது. இறுதி பில் 95,400, நிறுவனம் கொடுத்தது 91,200, கையுறை, பஞ்சு என்று 4,200 நான் கட்டினேன்.

மைத்துனரின் தாளில் அறுவை அரங்கத்துக்கு 9,000. என் பில்லில் 16,500. ஏன் என்று கேட்டேன். "அது இன்சூரன்ஸ் ரேட்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை.

எல்லாத் தாளையும் ஓர் உறையில் போட்டுவைத்திருக்கிறேன். டீச்சர், ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சாரைப் பார்க்கப் போகலாமா? அந்தப் பலகையைத் தமிழில் நானே எழுதித் தருகிறேன். விவசாயி அண்ணா, உங்கள் பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.