கடும் வேலைக்கு மடக்குக் கத்தி: எந்த லாக், எந்த ஸ்டீல்?

வாய்க்கால்மேடு:
வணக்கம். சொட்டுநீர்ப் பாசன வேலைக்கு ஒரு மடக்குக் கத்தி தேடுகிறேன். 16 மி.மீ. லேட்டரல் குழாய் வெட்ட, உரச்சாக்கு கிழிக்க, தேங்காய் நார்க்கயிறு அறுக்க, வாழையில் பக்கக் கன்று எடுக்க, மூங்கில் குச்சியைச் சீவி முளை செய்ய வேண்டும். எப்போதாவது மூங்கிலைப் பிளக்கவும் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண மடக்குக் கத்திகள் சில மாதத்திலேயே ஆட்டம் கண்டுவிடுகின்றன. பிளேடு பக்கவாட்டில் ஆடுகிறது, அழுத்தினால் லாக் நழுவுகிறது. பைக்கில் அலைகிற வேலை என்பதால் பாக்கெட்டில் அடங்க வேண்டும். 8 முதல் 10 செ.மீ. பிளேடு, 4 மி.மீ. தடிமன் என்று பார்த்து வாங்கினால் சரியாக இருக்குமா? டி2 ஸ்டீல் என்று போட்டு விற்கிறார்களே, அதை நம்பலாமா?

பட்டறைத்தெரு:
தடிமனை அப்புறம் பார்க்கலாம். மடக்குக் கத்தியில் பிளேடு உடைவது அபூர்வம். முதலில் போவது பிளேடும் பிடியும் சேரும் இடம்தான். அங்கே பார்க்க வேண்டியவை மூன்று: நடு ஆணி, அதன் இருபுறமும் உள்ள வாஷர், பிளேடை நிறுத்திப் பிடிக்கிற லாக்.

நடு ஆணி ரிவெட் அடித்ததாக இருந்தால் ஆட்டம் வந்த பிறகு இறுக்க வழியில்லை. திருகு போட்ட மாடலாக வாங்குங்கள். பெரும்பாலும் டி8 அல்லது டி10 நட்சத்திரத் திருகாக இருக்கும், அந்த பிட்டையும் கூடவே வாங்கி வையுங்கள். வாஷர் பாஸ்பர் பிரான்ஸ் என்ற உலோகக் கலவையாக இருப்பது உங்கள் வேலைக்கு நல்லது. பால் பேரிங் போட்டவை ஒரு விரலில் திறக்கும், ஆனால் மண்ணும் மணலும் உள்ளே போனால் கரகரக்கும். ஓங்கித் தட்டுகிற வேலையில் குண்டுகள் பதிந்து சின்னச் சின்னக் குழி விழும். வாஷருக்குப் பரப்பு அதிகம், சுமை பரவிவிடும்.

லாக் விஷயம். லைனர் லாக்கில் ஒரு மெல்லிய தகடு பிளேடின் அடியை முட்டிப் பிடிக்கிறது. மேலிருந்து கீழே அழுத்தி வெட்டும்போது பிரச்சினை இல்லை. கத்தி மாட்டிக்கொண்டு அதைத் திருகி எடுக்கும்போதுதான் தகடு நழுவும். இறுக்கிப் பிடித்தால் விரல் சதையே தகட்டைத் தள்ளிவிடுவதும் உண்டு. மூங்கில் சீவும்போது இரண்டுமே நடக்கும். ஃப்ரேம் லாக் இதைவிடத் தேவலை, ஏனென்றால் பிடியின் ஒரு பக்கமே லாக்காக இருப்பதால் நீங்கள் இறுக்க இறுக்க அதுவும் இறுகும். பேக் லாக், அதாவது முதுகில் அழுத்தி மடக்குகிற வகை, திருகலுக்கு அசையாது. 1964 முதல் வருகிற, பக் கம்பெனியின் 110 மாடல் இந்த வகைதான். ஆனால் அது சுமார் 200 கிராம், முனையும் மெல்லியது.

கடும் வேலைக்கென்றே யோசித்துச் செய்தது கோல்டு ஸ்டீல் கம்பெனியின் ட்ரை-ஆட் லாக். சாதா பேக் லாக்கில் வெட்டும் அழுத்தம் முழுவதையும் லாக் தண்டும் (முதுகில் பிளேடைக் கவ்வும் கம்பி) அதன் சின்ன ஆணியும் தாங்குகின்றன. ட்ரை-ஆட்டில் பிளேடுக்கும் தண்டுக்கும் நடுவே தடித்த நிறுத்து ஆணி ஒன்று இருக்கிறது. சுமை அதில் இறங்கிப் பிடிக்குப் போய்விடும். தேய்மானம் வந்தாலும் தண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அதனால் மேல்கீழ் ஆட்டம் எளிதில் வராது. ரீகான் 1 மாடல் உங்கள் அளவுக்குப் பொருந்தும்: 10 செ.மீ. பிளேடு, சுமார் 3.5 மி.மீ. தடிமன். மடக்கக் கட்டைவிரலில் பலம் வேண்டும், ஈரக்கையில் சிரமம்தான். அதை ஒரு குறையாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சாணைக்கல்:
ஸ்டீல் பற்றி நான் சொல்கிறேன். டி2 உலோகத் தகடு வெட்டும் அச்சுகள் செய்வதற்கு வந்த ஸ்டீல். கூர் நெடுநாள் நிற்கும், அது உண்மை. ஆனால் உள்ளே கார்பைடு என்ற கடினமான பெரிய துகள்கள் இருப்பதால் மூங்கில் கணுவிலோ கல்லிலோ பட்டால் விளிம்பு மடங்காது, சில்லு சில்லாகத் தெறிக்கும். குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தாலும் கணிசமான பகுதி கார்பைடில் கட்டுண்டு கிடக்கிறது, ஆகவே முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. வாழைச்சாறு பட்டுத் துடைக்காமல் இரவு முழுக்கக் கிடந்தால் புள்ளி விழும்.

உங்களுக்கு 14சி28என் என்ற ஸ்டீல் பொருத்தம். கார்பன் 0.62 சதவீதம், குரோமியம் 14 சதவீதம், கொஞ்சம் நைட்ரஜன். எளிதில் துரு பிடிக்காது, முறுக்குத் தாங்கும், சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம். கூர் டி2 அளவு நிற்காது. நார்க்கயிற்றில் ஒட்டியிருக்கும் மண் எந்த ஸ்டீலையும் மழுக்கத்தான் செய்யும், ஆகவே சீக்கிரம் தீட்ட முடிகிற ஸ்டீல்தான் தோட்டத்தில் உதவும். 8சிஆர்13எம்ஓவி கொஞ்சம் கீழே, விலைக்கு மோசமில்லை. வெறும் '440' என்றோ 'ஸ்டெயின்லெஸ்' என்றோ மட்டும் பொறித்திருந்தால் வாங்காதீர்கள். ஏ, பி, சி என்ற எழுத்து இல்லாத 440 பெரும்பாலும் மட்டமான வகையாகத்தான் இருக்கும்.

முதுகுத் தடிமனை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 4 மி.மீ. முதுகு உள்ள கத்தி குழாயில் ஆப்பு மாதிரி நிற்கும், வெட்டாது. கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெர்னியரில் அளந்து பாருங்கள். அங்கே 0.5 முதல் 0.6 மி.மீ. இருந்தால் வெட்டவும் செய்யும், தாங்கவும் செய்யும். 0.3 என்றால் மூங்கிலில் நெளியும். முதுகு 3 மி.மீ. போதும்.

தென்னந்தோப்பு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் ஒரு கத்தியிடம் இத்தனை வேலை கேட்பதுதான் ஆட்டம் வருவதற்குக் காரணம். மூங்கில் பிளப்பது மடக்குக் கத்தி வேலையே இல்லை. பிளேடின் முதுகில் கட்டையால் அடித்தால் ஒவ்வோர் அடியும் நடு ஆணியில் இறங்கும். வேறு வழியே இல்லாத அவசரத்தில் லாக்கை விடுவித்து, பிடியைக் கையில் இறுக்காமல் தொங்கவிட்டு அடித்தால் லாக்காவது தப்பிக்கும். பிளப்பதற்குச் சின்ன அருவாள் ஒன்றைப் பைக் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

லேட்டரலுக்கும் கத்தி வேண்டாம். சாய்வாக வெட்டினால் ஜாயினர் சரியாக உட்காராமல் கசியும். குழாயை உள்ளங்கையில் வைத்துத் தன்னை நோக்கி இழுத்து வெட்டுகிறவர்களுக்கு எந்த லாக் இருந்தும் பயனில்லை. பைப் கட்டர் நேராக வெட்டும், பாக்கெட்டிலும் அடங்கும்.

இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது சாக்கு, கயிறு, கன்று, முளை. இதற்கு ஓபினெல் 8 என்ற மடக்குக் கத்தி போதும் என்பது என் கருத்து. 8.5 செ.மீ. பிளேடு, கழுத்தில் திருகும் வளைய லாக். பளு சுமார் 45 கிராம்தான். கயிற்றை அது அறுக்கிற மாதிரி தடித்த கத்திகள் அறுக்காது. ஸ்டெயின்லெஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். பிடி பீச் மரம், மழையில் நனைந்தால் ஊதிப் பிளேடு இறுகிக்கொள்ளும். வாங்கிய உடனே மூட்டுப் பகுதியில் ஆளி விதை எண்ணெய் ஊறவிட்டுக் காயவைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

பட்டறைத்தெரு:
பைப் கட்டரும் அருவாளும் வாங்குவதில் முழு உடன்பாடு. ஆனால் முளை சீவும்போது கத்தியைக் கொஞ்சமாவது திருகாமல் இருக்க முடியாது, ஓபினெலின் பிளேடு அதற்கு மெல்லியது. நடு ஆணியும் ரிவெட்தான். கயிறும் சாக்கும் மட்டும் என்றால் தாராளமாக அதை வாங்கலாம்.

வாய்க்கால்மேடு:
நன்றி. பிளப்பதையும் குழாயையும் கழித்துவிடுகிறேன், முளை சீவுவது தினசரி வேலை. கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்? தீட்டுவதற்குத் தெருவில் வருகிற சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பட்டறைத்தெரு:
திறந்து, பிளேடின் முதுகுப் பக்கத்தைத் துணியால் பிடித்து இருபுறமும் அசையுங்கள். பக்கவாட்டு ஆட்டம் என்றால் திருகு தளர்வு, இறுக்கினால் தீரும். மேல்கீழ் ஆட்டம் என்றால் லாக் பொருந்தவில்லை, அதை வாங்காதீர்கள். லைனர் லாக்காக இருந்தால் தகடு பிளேடின் அடிப்பகுதி அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஏறியிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும். புதிதிலேயே எதிர்ப்பக்கம் வரை போயிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பிளேடு மடங்கும் பாதையில் விரல் இல்லாமல் பிடியைப் பிடித்து, முதுகை மரமேசை விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். லாக் விடக் கூடாது. ஓங்கி அடித்தால் நல்ல லாக்கும் கெட்டுவிடும்.

வாங்கிய பிறகு: திருகைக் கழற்றி அசிட்டோனில் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை அரைச் சொட்டு மரையில் மட்டும் விடுங்கள். வாஷரில் படக் கூடாது. முழுக்க இறுக்கி, எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்தி, ஒரு நாள் காயவிடுங்கள். சிவப்புப் பசை வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. பேக் லாக்கில் இன்னொன்று: தண்டு விழுகிற பள்ளத்தில் மண் அடைத்தால் லாக் முழுதாக இறங்காது, பூட்டியது போலத் தெரிந்து அழுத்தும்போது விட்டுவிடும். வாரம் ஒருமுறை பல்குச்சியால் நோண்டி எடுத்துவிடுங்கள்.

சாணைக்கல்:
வேகமாகச் சுற்றும் உலர்ந்த சாணையில் கொடுக்க வேண்டாம். விளிம்பு மெல்லியது, ஒரு நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அதைத் தேய்த்து எடுக்கும்வரை கூர் நிற்காது.

இரும்புக்கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் போதும். பக்கத்துக்கு 20 டிகிரி வையுங்கள். பிளேடு அகலம் 25 மி.மீ., முதுகு 3 மி.மீ. என்றால் முதுகின் அடிப்பக்கம் கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்துக்கொண்டால் தொடக்கத்தில் கை பழகும். ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கம் நீளம் முழுக்கப் பிசிறு விரலில் தட்டிய பிறகே திருப்புங்கள். பிசிறு வராமல் திருப்புவதால்தான் பலருக்குக் கூர் ஏறுவதில்லை. கடைசியில் லேசான கையால் மாறி மாறி இழுத்துப் பிசிறை எடுங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக்க வேண்டாம், நார்க்கயிற்றைக் கவ்வ விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துவைக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பத்துத் தடவை திறந்து மூடி, வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள்.