1940-ல் நியூயார்க்கில் நார்மண்டி, குயின் மேரி, குயின் எலிசபெத் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது உண்மையா?

கரையோரன்:
ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். விமானத்திலிருந்து எடுத்தது. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரை, அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய பயணிகள் கப்பல்கள் மூன்றும் மாட்டுத் தொழுவத்தில் கட்டிய மாதிரி வரிசையாக நிற்கின்றன, அருகில் கொஞ்சம் சிறியதாக இன்னொன்று. நார்மண்டி மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கிறது, இரண்டு குயின்களும் சாம்பல் பூசிக்கொண்டிருக்கின்றன. 1940 மார்ச் என்று போட்டிருந்தார்கள். ஆனால் குயின் எலிசபெத் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றியதே 1946 அக்டோபரில்தானே? அப்புறம் எப்படி 1940-ல் அங்கே? யாரோ ஒட்டுப்போட்ட படமா இது?

நீராவி:
ஒட்டு இல்லை, அசல் படம்தான். 1940 மார்ச் 7 அன்று குயின் எலிசபெத் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அதுதான் அதன் முதல் கடல் பயணம், ஆனால் பயணி ஒருவர்கூடக் கிடையாது.

கதை இப்படி. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்கில் கட்டி 1938 செப்டம்பரில் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், உள்வேலை முடிவதற்குள் போர் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கப்பல் அங்கேயே நின்றால் ஜெர்மன் குண்டுக்கு நல்ல குறி, அதோடு அந்த இடம் கட்டிக்கொண்டிருந்த ஒரு போர்க்கப்பலுக்கும் வேண்டியிருந்தது. கடற்படைப் பொறுப்பில் அப்போது சர்ச்சில், கப்பலைக் கிளப்பச் சொல்லிவிட்டார். வெளியே சொன்னது சவுத்தாம்ப்டனுக்குப் போகிறது என்று. அங்கே டிரை டாக்கில் (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலின் அடியில் வேலை செய்யும் தொட்டி) இடம் பிடித்து, சாமான்கள்கூட அனுப்பிவைத்தார்கள். மாலுமிகளும் அப்படித்தான் நம்பினார்கள். கடைசி நேரத்தில் கேப்டன் கைக்கு வந்த உத்தரவில் நியூயார்க் என்றிருந்தது! சோதனை ஓட்டம்கூட ஒழுங்காக நடக்காத கப்பல், மார்ச் 2 அன்று கிளம்பி வளைந்து வளைந்து ஓடி அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

மற்ற இரண்டும் முன்பே அங்கே இருந்தன. பிரெஞ்சுக் கப்பலான நார்மண்டி 1939 ஆகஸ்ட் 28-ல் வந்தது, பிறகு திரும்பவே இல்லை. பிரிட்டன் போர் அறிவித்தது செப்டம்பர் 3, அப்போது குயின் மேரி நடுக்கடலில், மறுநாள் நியூயார்க். அமெரிக்கா நடுநிலையில் இருந்ததால் பாதுகாப்பான இடம். மார்ச் 21-ல் குயின் மேரி சிட்னிக்குக் கிளம்பிவிட்டது, ஆக மூன்றும் ஒன்றாக நின்றது சரியாக இரண்டு வாரம். நீங்கள் பார்த்த அந்தச் சின்னது மாரிட்டேனியா, அந்தப் பெயரில் இரண்டாவது கப்பல். 35,000 டன்னைச் சின்னது என்று சொல்ல வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

இஞ்சின்ரூம்:
நார்மண்டியைப் பற்றி நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். அந்த மூன்றில் அழகு அதுதான், குயின் மேரி ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. பாதுகாப்பு என்று துறையிலேயே கட்டிப்போட்டார்கள், அதுவே எமனாகிவிட்டது. 1941 டிசம்பரில் அமெரிக்கா எடுத்துக்கொண்டு லஃபாயெட் என்று பெயர் மாற்றி, துருப்புக் கப்பலாக்க அவசர அவசரமாக வேலை. 1942 பிப்ரவரி 9, பெரிய கூடத்தில் ஒரு இரும்புத் தூணை டார்ச்சால் அறுக்கிறார்கள், பக்கத்தில் என்ன இருந்தது தெரியுமா? குவியல் குவியலாக உயிர்காப்பு அங்கிகள். உள்ளே அடைத்திருந்தது இலவம்பஞ்சு. நம் வீட்டுத் தலையணையில் ஒரு பொறி விழுந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். கப்பலின் தீயெச்சரிக்கை அமைப்பையும் அதற்குமுன் துண்டித்துவிட்டிருந்தார்கள்.

தீ கப்பலை முழுங்கவில்லை என்பதுதான் கொடுமை. தண்ணீர்தான் கவிழ்த்தது. படகிலிருந்தும் கரையிலிருந்தும் பீய்ச்சிய தண்ணீர் மேல் தளங்களில் தேங்கியது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள், லேசாகச் சாய்ந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும், அதேதான். வடிவமைத்த யூர்கேவிச் அப்போது நியூயார்க்கிலேயே இருந்தார், ஓடி வந்தார். அடியிலுள்ள வால்வுகளைத் திறந்து கப்பலை ஆற்றுப்படுகையில் நேராக உட்கார வைத்துவிடலாம் என்றார். கேட்கவில்லை. நள்ளிரவு தாண்டி, கட்டியிருந்த பியர் 88 என்ற துறைமேடை பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

மணல்மேடு:
அது நாஜி நாசவேலை என்று கேள்விப்பட்டேனே? மாஃபியா என்றும் சொல்கிறார்கள்.

இஞ்சின்ரூம்:
அப்படி நிறைய சொல்வார்கள். விசாரணையில் வந்தது விபத்து என்றுதான். அவசரமும் அஜாக்கிரதையும் போதும் ஐயா, உளவாளி எதற்கு?

உப்புத்துறை:
நான் திருகோணமலைப் பக்கம். 1941-ல் குயின்கள் இரண்டும் சிட்னியில் சந்தித்து, அவுஸ்திரேலியத் துருப்புகளை ஏற்றிக்கொண்டு சூயஸ் போகிற வழியில் எங்கட துறைமுகத்துக்கும் வந்து போயிருக்கின்றன. இவ்வளவு ஆழமான இயற்கைத் துறைமுகம் எத்தனை இடத்தில் இருக்கு? வடஅட்லாண்டிக் குளிருக்கென்று கட்டின கப்பல்கள், செங்கடல் வெயிலில் கீழ்த்தளத்தில் கிடந்த சிப்பாய்களின் பாட்டை யோசித்துப் பாருங்கோ. அதற்கு முந்தின வருஷம் இரண்டும் சிங்கப்பூர் டிரை டாக்குக்குப் போயிருந்தன. 1941 பிப்ரவரியில் அதே சிங்கப்பூருக்கு அவுஸ்திரேலியப் படையணியைக் கொண்டுபோய் இறக்கினதும் குயின் மேரிதான். சரியாக ஒரு வருஷத்தில் சிங்கப்பூர் விழுந்து, அவர்களில் தப்பினவர்கள் கைதிகளானார்கள்.

நீராவி:
நல்ல தகவல், நன்றி. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு ஓட்டம் அட்லாண்டிக்குக்கு மாறியது. 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் குயின் மேரியில் 16,683 பேர், அதாவது ஒரு சிறு நகரமே. ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூக்கம், சாப்பாடு நாளுக்கு இரண்டு வேளை, நீச்சல் குளத்தில்கூடக் கட்டில். நடுக்கடலில் துணைக்குப் போர்க்கப்பல் கிடையாது, 28 நாட் (மணிக்குச் சுமார் 52 கி.மீ.) வேகத்தில் போனால் நெடுந்தூரம் கூடவே ஓடத் துணைக்கப்பல்களால் முடியாது. நீர்மூழ்கி மேலே வந்து ஓடினாலும் 17 நாட்தான்.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. 1942 அக்டோபர் 2, அயர்லாந்துக்கு வடக்கே கரையை நெருங்கும்போது காவலுக்கு வந்த குராசோவா என்ற குரூசர் வகைப் போர்க்கப்பல், வளைந்து வளைந்து ஓடிய குயின் மேரியின் குறுக்கே வந்துவிட்டது. 4,000 டன் சொச்சம் கப்பல், இரண்டு துண்டு. 330-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குயின் மேரி நிற்கவில்லை, நிற்கக்கூடாது என்று உத்தரவு, உள்ளே 10,000 சிப்பாய்கள். மூக்கு நசுங்கியபடியே போய்ச் சேர்ந்தது. போர் முடியும்வரை இதை வெளியே சொல்லவில்லை.

கரையோரன்:
எல்லோருக்கும் நன்றி. படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. குயின் எலிசபெத் என்னவாயிற்று?

இஞ்சின்ரூம்:
போரெல்லாம் தாண்டி 1968 வரை ஓடியது. பிறகு கைமாறி ஹாங்காங் போனது, மிதக்கும் பல்கலைக்கழகமாக்கப் போவதாகச் சொன்னார்கள். 1972 ஜனவரி 9, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தீ. தீயணைப்புப் படகுகள் தண்ணீர் பீய்ச்ச, துறைமுகத்திலேயே சாய்ந்து படுத்துவிட்டது. நார்மண்டி படுத்த அதே மாதிரி! முப்பது வருஷம் கழித்தும் அதே தாம்பாளத் தண்ணீர்.

குயின் மேரி மட்டும் 1967-ல் கலிபோர்னியாவில் லாங் பீச்சுக்குப் போனது, பிறகு ஓட்டலாகி அங்கேயே நிற்கிறது. 2006 பிப்ரவரியில் குயின் மேரி 2 அதன் முன்னால் போய் நின்றது, இரண்டும் சங்கு ஊதிக்கொண்டன. புதுக் கப்பலின் இரண்டு சங்குகளில் ஒன்று பழைய குயின் மேரியிலிருந்து கடனாக வாங்கிப் பொருத்தியது.