பழைய டீசல் லாரியில் எரிபொருள் கசிவு: வீட்டில் எதுவரை கைவைக்கலாம்?

மேட்டூர் வண்டி:
என்னிடம் இருப்பது 1990களில் வந்த நான்கு சிலிண்டர் டீசல் லாரி; டீசலை நாசிலுக்குத் தள்ளுவது சிலிண்டருக்கு ஒன்றாக உலக்கைகள் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப், கணினி எதுவும் கிடையாது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால், டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை நெடுநேரம் அடித்த பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டரின் தலைப்பகுதியில் ஈரம் தெரிகிறது. தரையில் சொட்டு இல்லை. இதை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

ஸ்பேனர்12:
தாராளமாகச் செய்யலாம். சொட்டே இல்லாமல் காலையில் மட்டும் படுத்துகிறது என்றால், தொட்டிக்கும், அதிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கும் இடையே உள்ள உறிஞ்சு பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே இழுக்கப்படுவதே அதிகம். வண்டி நின்றதும் லைனில் உள்ள டீசல் மெல்லத் தொட்டிக்கே இறங்கிவிடும். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் தாங்கக்கூடிய, உள்ளே தெரிகிற குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிடுங்கள். குமிழி வந்தால், தொட்டிப் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகத் தேடலாம். ஃபில்டர் தலையில் உள்ள ஈரத்துக்குப் பெரும்பாலும் பேஞ்சோ போல்ட்டின் (குழாயின் வளைய முனையைப் பிடிக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) காப்பர் வாஷர் இறுகிப்போனதே காரணமாக இருக்கும். பழைய வாஷரைச் செந்நிறம் வரும்வரை சுட்டு ஆறவைத்து, கரியைத் தேய்த்துவிட்டு மாட்டினால் செம்பு மீண்டும் மென்மையாகி அடைத்துக்கொள்ளும்.

கரூர் டீசல்:
வாஷரைச் சுடச் சொல்வதை எதிர்க்கிறேன். புதிய வாஷர் சில ரூபாய்க்குக் கிடைக்கும்போது, டீசல் நனைந்த வண்டியின் அருகில் எதற்காக நெருப்பு மூட்ட வேண்டும்? டீசல் எளிதில் பற்றாது என்ற தைரியத்தில்தான் பலரும் இப்படிச் செய்கிறார்கள். நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை (நெருப்பைக் காட்டினால் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை) 35 டிகிரி செல்சியஸ் மட்டுமே. ஐரோப்பியத் தரத்தில் அது 55 டிகிரி. சித்திரை வெயிலில் எங்கள் ஊர் நிழலே 35 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அதைவிட, வீட்டில் ஸ்பேனர் எடுத்தவர் ஃபில்டரோடு நிற்பதில்லை, பம்பிலிருந்து நாசிலுக்கு, அதாவது டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் முனைக்கு, உயர் அழுத்தத்தில் டீசல் போகும் நாசில் பைப் வரை போய்விடுகிறார் என்பதே என் கவலை. பழைய நாசில்கூட 200 பார் அளவிலான, அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில்தான் திறக்கும். மெல்லிய விரிசலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரிடலாம்.

ஸ்பேனர்12:
நாசில் பைப்பில் கைவைக்கும்படி நான் எங்கே சொன்னேன்? அந்தப் பக்கம் கசிவு தேடினால் கையால் தடவக் கூடாது, அட்டைத் துண்டைத்தான் பிடிக்க வேண்டும். விரிசல் கண்ட பைப்பைப் பற்றவைக்காமல் மாற்ற வேண்டும். இதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால், பட்டறைக்கு விட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நீங்கள் நினைப்பதை ஏற்க மாட்டேன். பேஞ்சோ இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றி அனுப்புகிறவர்களைப் பட்டறைகளில்தான் பார்த்திருக்கிறேன். அந்த இணைப்பில் மரை அடைப்பதில்லை, வாஷர்தான் அடைக்கிறது. டேப்பின் நார் பிய்ந்து பம்புக்குள் போனால் செலவு எங்கேயோ போய் நிற்கும். நாசில் பைப்பைப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றிவிட்டு மாட்ட மறப்பதும் அங்கேதான் நடக்கிறது. கிளாம்ப் இல்லாத பைப் அதிர்வில் விரிசல் விடாமல் வேறென்ன செய்யும்?

பம்ப் ரூம்:
இருவரும் வெளியே தெரியும் கசிவைப் பற்றியே பேசுகிறீர்கள். எஞ்சின் ஆயிலால் மசகிடப்படும் இன்லைன் பம்புகளில், ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்தால் டீசல் உள்வழியாக ஆயிலில் கலக்கும். தரையில் ஒரு சொட்டும் விழாது. ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தாலோ வண்டியை ஓட்டவே வேண்டாம். இதை வாஷர் மாற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

மேட்டூர் வண்டி:
பார்த்துவிட்டேன், ஐயா. ஆயில் கோட்டுக்குள்தான் இருக்கிறது, வாடையும் இல்லை. ஆனால் தொட்டியின் அடித்தையலிலும் லேசான ஈரம் இருக்கிறது. டீசலை இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் வெல்டிங் வைத்துவிடலாமா?

கரூர் டீசல்:
வேண்டவே வேண்டாம். காலித் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. தையலில் தங்கிய டீசல் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து வெடிக்கும். தொட்டியைக் கழற்றி, நீராவியால் கழுவி வெல்டிங் செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

ஸ்பேனர்12:
தொட்டி விஷயத்தில் அவர் சொல்வதையே நானும் சொல்வேன். ஃபில்டர் வாஷரை மட்டும் நீங்களே மாற்றிவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, அடியில் தட்டு வைத்துத் திறந்தால் போதும்.

கரூர் டீசல்:
புது வாஷர் என்றால் எனக்கு மறுப்பில்லை. சுட்ட வாஷர் என்றால் இப்போதும் மறுப்புத்தான்.