வெட் பிளேட் கொலோடியன்: தட்டு முழுக்கச் சாம்பல் படலம், மூலையில் உரிதல்

புதுத்தட்டு:
4x5 அங்குலக் கண்ணாடியில் அம்ப்ரோடைப் (கண்ணாடித் தட்டிலேயே நேராக விழும் பழங்கால ஒளிப்படம்) செய்யப் பழகுகிறேன். குளியலறைதான் டார்க்ரூம். கொலோடியன் (ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த பசைக்கரைசல்) ஊற்றிய தட்டு 9 சதவீத சில்வர் நைட்ரேட்டில் 3 நிமிடம், நிழலில் எஃப் 5.6-இல் 6 நொடி, டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) 30 நொடி, பிறகு ஃபிக்ஸ் செய்ய, அதாவது படத்தை நிலைநிறுத்த, ஹைப்போ. அறை வெப்பம் 34 டிகிரி. படம் விழுகிறது, ஆனால் கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்துவிடுகிறது. கழுவும்போது மூலையிலிருந்து படலம் தோலாக உரிகிறது. எதை முதலில் சரிசெய்வது?

வெள்ளிக்குளியல்:
டெவலப்பரை. 20 டிகிரியிலேயே 15 நொடி போதும். 34-இல் 30 நொடி விட்டால் ஒளி படாத வெள்ளியும் படிந்து சாம்பலாகும். வெளிச்சப் பகுதிகள் தெரிந்து, நிழல் விவரம் எட்டிப்பார்க்கும்போதே தண்ணீர் ஊற்றி நிறுத்துங்கள். 15 நொடியில் படம் மங்கலாக இருந்தால் எக்ஸ்போஷரைக் கூட்ட வேண்டும், டெவலப்பிங் நேரத்தை அல்ல.

டெவலப்பருக்கு 350 மிலி காய்ச்சி வடித்த நீர், 15 கிராம் பெரஸ் சல்பேட், 14 மிலி கிளேஷியல் அசிட்டிக் அமிலம், 18 மிலி ஆல்கஹால் என்பது பழகிய அளவு. அமிலம்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. வெயிலில் அதை 20 மிலி வரை ஏற்றலாம், அல்லது பாட்டிலை ஐஸ் தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்கு இறக்கலாம். ஊற்றும்போது ஓரத்திலிருந்து ஒரே வீச்சில் பரவ வேண்டும், தட்டைவிட்டு வழியக் கூடாது. வழிந்தால் மேலே இருக்கும் வெள்ளியும் அதோடு போய், அந்த இடம் வெளிறும்.

அப்புறமும் சாம்பல் இருந்தால் ஒரு சோதனை: கேமராவில் வைக்காமலே ஒரு தட்டை 15 நொடி டெவலப் செய்து ஃபிக்ஸ் பண்ணுங்கள். கண்ணாடி தெளிவாக வந்தால் சில்வர் நைட்ரேட் குளியலும் டார்க்ரூமின் சிவப்பு விளக்கும் நல்லவை. கோளாறு கேமராவிலோ பிளேட் ஹோல்டரிலோ வெளிச்சம் கசிவதில் இருக்கலாம். சாம்பல் வந்தால் அதையே முழு இருட்டில் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் வந்தால் குளியலின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) பாருங்கள். 4-க்கு அருகில் இருக்க வேண்டும். ஏறியிருந்தால் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

கண்ணாடிப்பித்து:
உரிவது தனிப் பிரச்சினை. வெட்டிய கண்ணாடியின் ஓரங்களைச் சாணைக்கல்லில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினீர்களா? சுண்ணாம்புக் கார்பனேட் பொடியை ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து குழைத்துத் துடைக்க வேண்டும். ஊதினால் ஆவி சீராகப் படிந்து மறையும்வரை. இன்னும் உரிந்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை அரை லிட்டர் நீரில் அடித்து வடிகட்டி, ஓரம் மட்டும் 3 மிமீ அகலத்துக்குப் பூசிக் காயவிடுங்கள்.

34 டிகிரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொலோடியனில் உள்ள ஈதரின் கொதிநிலையே 34.6. கொலோடியன் ஊற்றிய முனை காய்ந்துவிடும், வடிக்கும் முனை இன்னும் ஈரமாக இருக்கும். காய்ந்த இடம் வெள்ளியை ஏற்காது; ஈரமான இடம் குளியலில் இறங்கியதும் தளர்ந்து கிழியும். வடித்த மூலையைத் தொட்டால் விரல்ரேகை பதிய வேண்டும், அதுதான் குளியலில் இறக்கும் தருணம். விடியற்காலையில் வேலை செய்வதே மேல். குளியலிலிருந்து எடுத்த தட்டை இந்த வெப்பத்தில் 5 நிமிடத்துக்குள் டெவலப் செய்துவிடுங்கள்.

குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அங்கே கொலோடியன் ஊற்றவே கூடாது. ஈதர் ஆவி காற்றைவிட கனமானது; தரையோடு தவழ்ந்து சுடரைத் தேடிப்போய்ப் பற்றும்.

புதுத்தட்டு:
நன்றி. பொட்டாசியம் சயனைடில் ஃபிக்ஸ் செய்தால் படம் பளிச்சென்று வரும் என்கிறார்களே, வாங்கலாமா?

வெள்ளிக்குளியல்:
வேண்டாம். பளிச்சென்று வருவது உண்மைதான். ஆனால் டெவலப்பரில் அமிலம் இருக்கிறது. சரியாகக் கழுவாத தட்டு சயனைடில் இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். குளியலறையில் அது உயிரைப் பறிக்கும். 20 சதவீத ஹைப்போ போதும். மஞ்சள் படலம் மறைய எவ்வளவு நேரமோ, இன்னும் அவ்வளவு நேரம் விட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.

சில்வர் நைட்ரேட்டைக் கையாளும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஹைப்போ தொட்ட கையோடு குளியலருகே போகாதீர்கள், சில சொட்டு விழுந்தாலே அந்தக் குளியல் கெட்டுவிடும்.