முச்சந்தியில் நின்று கட்டை உருட்டும் பிளேயர்கள்: என்ன செய்யலாம்?

மொட்டைமாடி டிஎம் (பாளையங்கோட்டை)

வணக்கம் மக்களே. ஞாயிறு சாயங்காலம் எங்கள் மொட்டை மாடி அறையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகக் கட்டை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, கதையை நடத்தும் டிஎம் நான். விதிகள்தான் புத்தகத்தில் உள்ளவை, நாடு என் சொந்தச் சரக்கு. மலையில் பிறந்து கடலில் சேரும் ஒரே ஆறு, அதன் குறுக்கே வரிசையாக எட்டு அணைக்கட்டுகள், கரையெல்லாம் பாளையங்கள், கடலோரத்தில் செம்மண் தேரி. எங்கிருந்து சுட்டேன் என்று தாமிரபரணிக்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் இதுதான். போன வாரம் குழு ஒரு முச்சந்தியில் வந்து நின்றது. ஒரு வழி காட்டுக்குள், ஒன்று ஆற்றோரமாக, இன்னொன்று இடிந்த கோட்டைக்கு. மூன்றுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தேன். திருடனாக ஆடும் நண்பன் (மொபைல் கடை வைத்திருக்கிறான்) யாரையும் கேட்காமல் ஆறு முகக் கட்டையை எடுத்தான். "ஒண்ணு ரெண்டு காடு, மூணு நாலு ஆறு, மிச்சம் கோட்டை" என்று உருட்டிவிட்டான். காடு விழுந்தது. மற்ற நாலு பேரும் முறுக்கைக் கடித்துக்கொண்டே சரி என்றார்கள். ஏன்டா இப்படி என்று கேட்டால், "எங்க போனாலும் ஏதாச்சும் ஒண்ணு கடிக்கத்தானே போகுது" என்கிறான்.

வழி மூன்று கொடுத்தும் அவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. யோசித்துத் தேர்ந்தெடுக்கிற மாதிரி எப்படிக் கொடுப்பது?

சாரல் (தென்காசி)

உங்கள் நண்பன் செய்தது நியாயம்தானே? மூன்று வழியைப் பற்றியும் அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதபோது கட்டை உருட்டுவதும் யோசிப்பதும் ஒன்றுதான். எந்தப் பாதையில் போனாலும் அதே ராட்சசனைக் கொண்டுவந்து நிறுத்தும் டிஎம்களும் உண்டு. குவாண்டம் ஓகர் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் பாதாள அறைக்குள் பத்து நிமிஷம் ஒரு சுற்று. ஆறு சுற்றில் ஒரு தீவட்டி அணைந்துவிடும், இடையிடையே பேய் பிசாசு வருகிறதா என்று டிஎம் உருட்டிக்கொண்டே இருப்பார். அதனால் இடதா வலதா என்பதற்குக்கூட ஒரு செலவு இருந்தது. உங்கள் முச்சந்தியில் அப்படி என்ன செலவாகிறது?

நீர்ப்பாய்ச்சி பேரன் (அம்பாசமுத்திரம்)

தம்பி, அணைக்கட்டும் ஆறும் வைத்திருக்கிறீர்கள் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. முச்சந்தியை விடுங்கள். ஒரு குளத்தைக் கொண்டுவாருங்கள்.

எங்கள் தாத்தா குளத்து நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. தலைமடைக்காரன் காப்பி வாங்கிக் கொடுப்பான், கடைமடைக்காரன் வாசலில் வந்து நின்று வைவான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும், தண்ணீர் ஒருவருக்குத்தான் காணும். கார் பருவத்துக்குத் தாராளமாகத் திறந்துவிட்டால் அடுத்து வரும் பிசானப் பருவத்துக்குக் கையைப் பிசைய வேண்டும். ஒரு டிஎம்முக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் ஆடவைத்ததைச் சொல்கிறேன். ஐப்பசி கடைசி, அடைமழை. மேலக்குளம் நிறைந்து கரை கசிகிறது. மிச்சத் தண்ணீர் வழிகிற மறுகாலில் போவது போதவில்லை. மறுகாலை ஒட்டிய கரையை வெட்டிவிட்டால் மேலூர் பிழைக்கும், ஆனால் அவ்வளவு தண்ணீரும் கீழூர் வயலில் இறங்கும். அங்கே நடவு முடிந்து நாற்று இப்போதுதான் பச்சை பிடித்திருக்கிறது. வெட்டாமல் விட்டால் கரை ராத்திரி தாங்கலாம், தாங்காமலும் போகலாம். உடைந்தால் இரண்டு ஊரும் போகும். மூன்றாவதாக, கரையில் குடியிருக்கும் காவல் தெய்வத்திடம் கேட்கலாம். அது கரையைத் தாங்கிப் பிடிக்கும், ஆனால் குழுவில் ஒருவர் இனி அந்தக் குளத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

இதையெல்லாம் ஒளித்து வைக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் டிஎம்மாக அல்ல, ஊர்க்காரர்கள் வாயால். ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில் வெள்ளம் வரப்போகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். சாமி மேலே போனாலே ஆற்றின் நிலவரம் ஊருக்குத் தெரிந்துவிடும். என் ஆட்டத்திலும் குழு ஊருக்குள் நுழையும்போது எதிரே ஒரு சப்பரம் மேடு ஏறிக்கொண்டிருந்தது. "என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று அவர்களாகவே கேட்டார்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை, அவர்களுக்குள்தான் சண்டை. வீராங்கனையாக ஆடும் பெண் தன் மாமா வீடு கீழூரில் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தாள். அதை நான் மறக்கவில்லை.

கடைசியில் கரையை வெட்டினார்கள். நான் தண்டிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கீழூர்க்காரன் மட்டும் மறக்கவில்லை. பல வாரம் கழித்துத் தேரியில் கொள்ளையர் துரத்த, ஓடிப்போய் ஒரு படகுக்காரனிடம் நின்றார்கள். அவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மறுகால் வெட்டுன பயலுவளா?" என்றான். மேஜையில் ஒரே கத்தல். அதே சமயம், மேலூரில் இன்றைக்கும் அவர்கள் சாப்பாட்டுக்குக் காசு கிடையாது.

சாரல் (தென்காசி)

மூன்றாவது வழியை எடுத்திருந்தால் ஒரு பிளேயர் குளக்கரையோடு போயிருப்பாரே அண்ணாச்சி? அப்புறம் அவர் எப்படி ஆடுவார்?

நீர்ப்பாய்ச்சி பேரன் (அம்பாசமுத்திரம்)

வேறு பாத்திரம் எடுத்து ஆடட்டும். பழையது குளத்தோடு இருக்கும், குழு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவரே பேசுவார். நடக்க விட மாட்டோம் என்றால் அந்த வழியைச் சொல்லியே இருக்கக் கூடாது.

தாமிரபரணி தென்கரை (ஸ்ரீவைகுண்டம்)

அண்ணாச்சி சொன்னது அருமை. ஆனால் என் மேஜையில் இதை அப்படியே வைக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பக்கம் வீடு போனவர்கள் உண்டு, அதில் ஒருவர் என்னோடு ஆடுகிறார். கரை உடைகிற கதை அவருக்கு ஆட்டம் இல்லை. தொடங்குவதற்கு முன் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் வெள்ளத்துக்குப் பதில் பஞ்சம் வைத்தேன், தலைமடை கடைமடைச் சண்டை அதிலும் நன்றாகவே வரும்.

இன்னொன்றிலும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ராத்திரி முழுக்க இப்படித் தொண்டையைப் பிடிக்கிற முடிவாகவே வைத்தால் ஆள் சோர்ந்துவிடுவான். எதை எடுத்தாலும் ஏதோ ஒன்று போகும் என்றால் ஒன்றையும் எடுக்க மாட்டான், திரும்பவும் கட்டையைத்தான் உருட்டுவான். ஒரு செஷனுக்கு ஒன்று போதும். மிச்ச நேரம் அடிதடி நடக்கட்டும். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு நாலு எலும்புக்கூட்டை உடைக்கவும் ஆசை இருக்கும்.

மொட்டைமாடி டிஎம் (பாளையங்கோட்டை)

நன்றி மக்களே. தென்கரை சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, இன்றைக்கே எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன். அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் வருவதையெல்லாம் எழுதி முடிக்க எனக்கு நேரம் ஏது? மூன்று வழி எழுதியே விரல் தேய்ந்துவிட்டது.

நீர்ப்பாய்ச்சி பேரன் (அம்பாசமுத்திரம்)

வழிகளை எழுதாதீர்கள் தம்பி, ஆட்களை எழுதுங்கள். பாளையக்காரனுக்குக் காவல் வரி வேண்டும், கீழூர்த் தலைவருக்கு நெல் வேண்டும், தெய்வத்துக்குத் துணை வேண்டும். குழு தலையிடாவிட்டால் அடுத்த வாரம் ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள் என்று ஆளுக்கு ஒரு வரி. நான் ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்து வைப்பேன், பிளேட்ஸ் இன் த டார்க் ஆட்டத்தில் பார்த்த பழக்கம். அவர்கள் வேறு வேலையாகப் போகும்போதெல்லாம் ஒரு துண்டைக் கறுப்பாக்குவேன், அவர்கள் கண் முன்னாலேயே. நிரம்பினால் கரை உடையும்.

செஷன் முடிகிறபோது "அடுத்த வாரம் எங்கே போறீங்க?" என்று கேளுங்கள். சொல்கிற இடத்தை மட்டும் எழுதினால் போதும்.

மொட்டைமாடி டிஎம் (பாளையங்கோட்டை)

இது முடியும். எங்கள் ஆட்கள் வெள்ளம் பரவாயில்லை என்றால் குளத்தையே வைத்துவிடுகிறேன். கீழூர், மேலூர் என்றால் சப்பென்று இருக்கிறது, நல்ல ஊர்ப் பெயர் ஏதாவது சொல்லுங்கள்.

சாரல் (தென்காசி)

சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலை என்று நிஜமாகவே ஊர் இருக்கிறது, பாறையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகூட உண்டு. அதை மேலூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயல் மூழ்குகிற ஊருக்கு மறுகால்வால்.