27 எச்பி வண்டி முன் லோடர்ல தோண்ட எது சரி: பல் பட்டையா, குறுகல் பக்கெட்டா, பேக்ஹோவா?

கடமடை_விவசாயி
திருத்துறைப்பூண்டி பக்கம். குபோட்டா பி2741, 27 எச்பி, 4 வீல் டிரைவ், பட்டறையில செஞ்ச லோடர் மாட்டி ஓட்டுறேன். நாலடி பக்கெட்டு, வாய் நேர் பிளேடு. எரு அள்ள, மண்ணு தள்ள குறையே இல்ல, ஆனா தோண்டலாம்னு எறக்குனா கோடைக்களி மேல சறுக்கிக்கிட்டே போகுது, மண்ணு உள்ள ஏற மாட்டேங்குது. மேட்டூர் ஜூன் 12 தொறந்தாலும் தண்ணி கடமடைக்கு வந்துசேர நாளாகும், அதுக்குள்ள கன்னி வாய்க்கால் (வயலுக்கு வயல் தண்ணி பாயுற சின்ன வாய்க்கால்) தூர் எடுக்கணும், அண்டை (வயல் கரை) ஒசத்தணும், கொல்லையில கஜாவுல சாஞ்ச தென்னையோட அடிக்கட்டை சிலது இன்னும் கெடக்கு, மேட்டு வரப்புல சீமைக்கருவ வேற. பட்டறையில மூணு வழி சொல்றாங்க. பக்கெட் வாயில பல் பட்டை போல்ட் போடலாம், இல்ல ஓரடி அகலத்துல குறுகல் பக்கெட் தனியா, இல்ல பின்னாடி கலப்பை மாட்டுற மூணு பாயிண்ட்ல சின்ன பேக்ஹோ, அதான் ஜேசிபி பின்னாடி இருக்குற மாதிரி தோண்டுற கை. ஓட்டுனவங்க சொல்லுங்க.

மன்னை_டிராக்டர்
பல் பட்டை தம்பி, வேற யோசிக்கவே வேணாம். நாலடி வாய்னா 48 இஞ்சு, உங்க வண்டி குடுக்குற மொத்த தள்ளும் அந்த 48 இஞ்சுக்கும் பரவிப் போயிடுது, அதான் சறுக்குது. ஆறு பல்லு, முனை ஒண்ணரை இஞ்சு வீதம் வச்சா 9 இஞ்சு தான் மண்ணைத் தொடும், அதே தள்ளு அஞ்சு மடங்குக்கு மேல அழுத்தும். வேலை முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் போல்ட்டைக் கழட்டுனா பழையபடி நேர் பிளேடு. களத்துல நெல்லு அள்ள, தொழுவத்துல சிமெண்ட் தரை வழிக்க நேர் வாய் தான் வேணும், அதனால பல்லை நெரந்தரமா வெல்டு மட்டும் வச்சிடாதீங்க.

ஜேசிபி_ஆபரேட்டர்
எல்லாரும் லோடரை ஜேசிபின்னு நெனச்சுக்கிட்டு பேசுறீங்க. நான் ஓட்டுறது ஏழு டன்னுக்கு மேல இருக்கு, உங்க வண்டி எழுநூறு கிலோ கூட வராது. பல்லு போட்டாலும் தள்ளுறதுக்கு டயர்ல பிடிமானம் வேணும்ல, வண்டி, லோடர், பின்னாடி வெயிட்டு எல்லாம் சேத்து ஆயிரத்து நூறு ஆயிரத்து இருநூறு கிலோன்னா காஞ்ச தரையில அதுல பாதி அளவு தான் தள்ளும், மிச்சம் டயரு தான் சுத்தும். முன் லோடர் அள்ளிப் போடறதுக்கு உள்ளது. ஒரு நாள் வாடகைக்கு மெஷினைக் கூப்பிட்டு வேலையை முடிச்சிட்டுப் போங்க.

மன்னை_டிராக்டர்
அண்ணே, மே கடைசியில எந்த மெஷினாவது சும்மா நிக்கிதா? எல்லாம் ஆத்துலயும் வடிகால்லயும் தூர் வாருற காண்ட்ராக்ட்ல ஓடும், ஒரு மா ரெண்டு மா வச்சிருக்கவனுக்கு எவன் வருவான். வந்தாலும் உள்வயலுக்கு எப்படி எறக்குவீங்க, நடுவுல மூணு வாய்க்கால், பாலம் கிடையாது, ஏறுற எடமெல்லாம் அண்டை நசுங்கிப் போகும், அதைக் கட்ட அப்புறம் ஆள் தேடணும்.

ஒரத்தநாடு_தோப்பு
குறுகல் பக்கெட்டுக்கு என் ஓட்டு. பல் பட்டை மண்ணுக்குச் சரி, வேருக்கு? தென்னைக்கு ஆணிவேர் கெடையாது, வெரல் மொத்தத்துல நூத்துக்கணக்குல சல்லிவேர் சுத்தி எறங்கியிருக்கும். குறுகல் பக்கெட்டை அடிக்கட்டையைச் சுத்தி நாலு பக்கமும் குத்தி வேரை அறுத்துட்டு, ஒரு பக்கத்துல இருந்து நெம்புனா கட்டை சாஞ்சிடும். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்புறம் எங்க பக்கம் தோப்புக்குத் தோப்பு இந்த வேலை தான். நாலடி பக்கெட்டால இதைச் செய்யப் போனா ஒரு மூலையைத் தான் குத்துவீங்க, அப்ப பாரம் முழுக்க ஒரே கைக்கு ஏறி லோடர் கை முறுக்கிக்கும். குறுகல் பக்கெட்ல பாரம் நடுவுல வரும். கருவைக்கும் அதே தான். மேல வெட்டி விட்டா மறுபடி துளுக்கும், தரைக்குக் கீழ ஒரு அடி வரைக்கும் கட்டையைப் பேத்தா தான் தொல்லை விடும்.

வெல்டிங்_பட்டறை_குடந்தை
அவர் சொன்னதுல பாதி சரி. குறுகல் பக்கெட் மூக்கு நீளமா இருக்கும், பக்கெட் மடங்குற கீல் பின்னுல இருந்து முனை தள்ளிப் போகப் போக மடக்குற பலம் கொறையும். உதாரணத்துக்கு, பின்னுல இருந்து முனை ரெண்டடியில இருந்தா வர்ற பலம், மூணடிக்குப் போனா மூணுல ரெண்டு பங்கு தான். நீளமா கேக்காதீங்க, ரெண்டரை அடிக்கு மேல நான் செய்ய மாட்டேன். இன்னொண்ணு, 750 கிலோ தூக்கும்னு போட்டிருக்கிறது பின் லிஃப்டுக்கு, முன் லோடருக்கு அந்தக் கணக்கு எடுக்காதீங்க. ஈரக்களி ஒரு கன அடி 50 கிலோ கிட்ட வரும், அஞ்சு கன அடி பக்கெட் குமிச்சு அள்ளுனா 250ஐத் தாண்டிடும், பக்கெட்டோட எடை தனி. பின்னாடி ரொட்டவேட்டரோ வெயிட்டோ இல்லாம அள்ளுனா பின் வீல் மெதந்து, பாரம் முழுக்க முன் ஆக்சில்ல எறங்கும்.

பேக்ஹோ பத்தி யாரும் பேசல, நானே சொல்லிடுறேன். மூணு பாயிண்ட்ல சும்மா மாட்டுறது வேணவே வேணாம். தோண்டறப்ப அது வண்டியை நடு ஹவுசிங்ல மடிக்கப் பாக்கும், டாப் லிங்க் (மூணு பாயிண்ட்ல மேல இருக்குற இணைப்புக் கம்பி) விட்டுச்சுன்னா ஆபரேட்டர் சீட்டோட மேல மடங்கி வரும். போடறதா இருந்தா வண்டிக்கு அடியில முன்ன பின்ன ஓடுற சேசிஸ் பிரேம் வச்சு தான் போடணும், அதுக்கு ஆகுற செலவுக்கு ஜேசிபி அண்ணன் வாடகையே தேவலாம்.

ஜேசிபி_ஆபரேட்டர்
நாந்தான் மொதல்லயே சொன்னேனே.

வெண்ணாறு_பாசனம்
எல்லாரும் இரும்பைப் பத்தியே பேசுறீங்க, மண்ணை விட்டுட்டீங்க. நம்ம களி காஞ்சா கல்லு, வெடிப்புல மம்பட்டிக் காம்பே எறங்கும், நனைஞ்சா கூழு. ரெண்டு நெலையிலயும் எந்தப் பக்கெட்டும் வேலைக்கு ஆகாது. கோடை மழை பெஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு, கையில புடிச்சா உருண்டையாகி தட்டுனா ஒடையிற பதத்துல கொத்துக் கலப்பையைப் போட்டு கீறி விடுங்க, அப்புறம் இப்ப இருக்குற நேர் பிளேடு பக்கெட்டே அள்ளும். இதுக்குப் போய் ஒரு பைசா செலவு பண்ணணுமா?

ஒரத்தநாடு_தோப்பு
ஐயா, கன்னி வாய்க்கால் ரெண்டு அடி அகலம், அதுக்குள்ள கலப்பை எப்படி எறங்கும், நாலடி பக்கெட் எப்படி எறங்கும்? வண்டி ரெண்டு வீலையும் ரெண்டு கரையில வச்சு நடுவுல குறுகல் பக்கெட்டை விட்டா தான் உண்டு.

வெண்ணாறு_பாசனம்
கரையில வீலு வைக்கவா? லோடர் பாரம் பூரா முன் வீல்ல, நேத்து கட்டுன அண்டையில ஏத்துனா கரையே உள்ள சரிஞ்சிடும். சரியலன்னே வச்சுக்குவோம், முன் லோடரால வாட்டம் புடிக்க முடியுமா? குத்தி மடக்கி தூக்குறப்ப வளைஞ்சு வளைஞ்சு தான் எடுக்கும், வாய்க்கால் அடியில குழி குழியா நிக்கும், முறை வச்சுத் தண்ணி விடறப்ப அந்தக் குழி ரொம்பி தான் அடுத்த வயலுக்குப் போகும். கடமடையில வாட்டம் கொஞ்சம் தப்புனாலும் தண்ணி ஏறாதுங்க. கன்னி வாய்க்காலுக்கு மம்பட்டி ஆளு தான், வேற பேச்சு கெடையாது. அதோட குறுகல் பக்கெட்ல ஈரக்களி புட்டு மாதிரி அடைச்சுக்கிட்டு கவுத்தாலும் விழாது, ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் எறங்கி வழிக்கணும்.

ஒரத்தநாடு_தோப்பு
அடைக்கிறது உண்மை தான், அதுக்கு வாய் அகலமா அடி குறுகலா செய்யச் சொல்லணும். மம்பட்டி ஆளு உங்க ஊர்ல கெடைக்கிறாங்கன்னா நீங்க குடுத்து வச்சவரு.

கடமடை_விவசாயி
நூறு நாள் வேலைக்குப் போனது போக மிச்ச ஆளுங்கள எங்க தேடுறது, அதான் வண்டியைப் புடிச்சுக்கிட்டு தொங்குறேன். சரி, இப்படி வச்சுக்கலாமா: அண்டைக்கு மண்ணு எடுக்கற எடத்துல வெண்ணாறு ஐயா சொன்ன மாதிரி பதம் பாத்து கீறிட்டு பல் பட்டையோட அள்ளுறேன். கன்னி வாய்க்கால் ஆளு. கட்டைங்க தான் யோசனையா இருக்கு.

மன்னை_டிராக்டர்
கட்டையும் பல் பட்டையாலயே பாக்கலாம் தம்பி. மொதல்ல மம்பட்டியால சுத்தி ஒரு அடி பறிச்சு விட்டு, ராத்திரி தண்ணி ஊத்தி ஊற வச்சுட்டு, காலையில நடுப் பல்லை வச்சு நெம்பணும். ஓரப் பல்லால நெம்பாதீங்க. வண்டி வேகத்துல மோதவும் கூடாது, பக்கெட்டைக் கவுத்து வச்சுக்கிட்டு தள்ளவே கூடாது, பக்கெட்டை மடக்குற ஜாக்கித் தண்டு வெளிய நீண்டு நிக்கிறப்ப அடி வாங்குனா வளைஞ்சிடும்.

ஒரத்தநாடு_தோப்பு
தென்னைக்கு வேணா நடக்கும். கருவைக்கு நீங்க நெம்புறப்ப வீடியோ எடுத்துப் போடுங்க, நானும் பாக்குறேன்.

ஜேசிபி_ஆபரேட்டர்
கருவைக்கு ஆவணியில கூப்பிடுங்க, மெஷின் சும்மா தான் நிக்கும். கட்டை மேட்டு வரப்புல தானே இருக்கு, வயல்ல தண்ணி நின்னாலும் ரோட்டுப் பக்கமா வந்து எடுத்துத் தர்றேன், மணிக்கணக்கு தான்.

கடமடை_விவசாயி
அப்ப கருவ ஆவணிக்கு. பட்டறை அண்ணே, பல்லு லாரிப் பட்டையில வெட்டி வச்சா போதும்னு இங்க ஒருத்தர் சொல்றாரு, சரியா?

வெல்டிங்_பட்டறை_குடந்தை
லாரிப் பட்டை ஸ்பிரிங் இரும்பு, சும்மா வெல்டு வச்சா வெல்டுக்குப் பக்கத்துலயே விரிசல் வுடும், பல்லு வயலுக்குள்ள தெறிச்சுக் கெடந்து அடுத்த போகத்துல ரொட்டவேட்டர்ல மாட்டும். பழைய ஜேசிபி பல்லு அடாப்டரோட (பல்லு மாட்டுற அடித்துண்டோட) கெடைக்கும், ஆனா உங்க வண்டிக்கு அது கனம் ஜாஸ்தி. சின்னப் பல்லா வாங்கி, அரை இஞ்சு பிளேட்ல அடாப்டரை 7018 வெல்டிங் ராடு போட்டு, பிளேட்டை சூடு காட்டிட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்க. பல்லுக்குப் பல்லு எட்டு இஞ்சு. பட்டையோட ரெண்டு காதும் பக்கெட்டு பக்கவாட்டுத் தகட்டுல வெளியப் பக்கமா ஒக்காரணும், ஓட்டைக்கு உள்பக்கம் ஒரு தகடு வச்சுத் தடிப்பு குடுங்க, இல்லேன்னா ஓட்டை நாளாக நாளாக முட்டை ஆயிடும். பக்கெட்டோட உள் அகலத்தை நீங்களே டேப் போட்டு அளந்து குடுங்க, பட்டறையில நாலடின்னு சொன்னது நாலடியா இருக்காது.